பலெர்மோவில் பன்னுக்குள் பஜ்ஜி

இத்தாலியின் சிசிலித் தீவில் இருக்கும் பலெர்மோவில் எங்களுக்கு அது இரண்டாம் நாள். காலை 11 மணி இருக்கும். பல்லாரோ சந்தைக்குள் நுழைந்து பத்தடி நடப்பதற்குள் என் மனைவி நின்றுவிட்டாள். "எங்கேயோ பஜ்ஜி போடுறாங்க" என்றாள். எனக்கும் வாசனை வந்துவிட்டது. கடலை மாவு காய்ந்த எண்ணெயில் விழும்போது எழும் மணத்தை மதுரைக்காரர்களுக்கு யாரும் அடையாளம் சொல்ல வேண்டியதில்லை.

மூக்கு காட்டிய வழியில் போனோம். மீன் கடைக்கும் ஆலிவ் விற்பவருக்கும் நடுவே ஒரு சின்னக் கடை. முன்னால் பெரிய வாணலி, அதில் மெல்லிய மஞ்சள் வில்லைகள் மிதந்துகொண்டிருந்தன. பெயர் பனெல்லே. கடலை மாவைத் தண்ணீரில் கரைத்து, உப்பும் நறுக்கிய பார்ஸ்லி இலையும் சேர்த்து, அடுப்பில் வைத்துக் கைவிடாமல் கிண்டுகிறார்கள். களிப் பதம் வந்ததும் சூடு ஆறுவதற்குள் மெல்லிசாகப் பரப்பிவிடுகிறார்கள். ஆறினால் தகடு மாதிரி உரிந்து வரும். அதை வெட்டிப் பொரிக்கிறார்கள், அவ்வளவுதான். வெங்காயம் இல்லை, மிளகாய் இல்லை. வெளியே மொறுமொறுப்பு, உள்ளே வெண்ணெய் மாதிரி மிருது.

கடைக்காரர் எள் தூவிய ஒரு பன்னைக் கீறி, ஆறேழு வில்லைகளை அடுக்கி, எலுமிச்சை பிழிந்து, உள்ளங்கையால் ஒரு அழுத்து அழுத்தித் தாளில் சுற்றிக் கொடுத்தார். 3 யூரோ. என் மனைவி சைவம். ஐரோப்பா வந்த நாளிலிருந்து சீஸும் ரொட்டியும் தின்று சலித்திருந்தவள், சந்தை நடுவில் நின்றபடியே அதை முழுசாகச் சாப்பிட்டு முடித்து, இன்னொன்று வேண்டும் என்றாள்.

முந்தின இரவு நடந்ததைச் சொன்னால்தான் அந்த 3 யூரோவின் அருமை புரியும். விமான நிலையத்திலிருந்து வந்து அறையில் பையை வைத்துவிட்டு, பசியோடு 7 மணிக்கே கிளம்பிவிட்டோம். வியா மக்வேதா என்கிற பெரிய தெருவை ஒட்டி ஒரு உணவகம். வாசலில் நின்றவர் ஆங்கிலத்தில் அழைத்தார், படம் போட்ட மெனுவை நீட்டினார். மீன் 7 யூரோ என்று இருந்தது. சரி, கட்டுப்படியாகும் என்று சொல்லிவிட்டோம். அழகாகச் சுட்ட முழு மீன் வந்தது. அப்புறம் பில் வந்தது: 87 யூரோ. மீன் மட்டும் 56.

விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. மெனுவில் 7 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் 'எத்தோ' என்று இருந்திருக்கிறது. எத்தோ என்றால் 100 கிராம். எங்களுக்கு வந்த மீன் 800 கிராம். இத்தாலியில் முழு மீனைப் பெரும்பாலும் எடைக்கணக்கில்தான் விற்கிறார்கள், அது அங்கே வழக்கம். ஆனால் இன்ன எடை, இவ்வளவு ஆகும் என்று சமைப்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இரண்டு பேர் ஒரு நாள் முழுக்கச் சாப்பிட வைத்திருந்த காசு ஒரே வேளையில் போனதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம்தான். இத்தாலிக்குப் போகிறவர்கள் 'குவாந்தோ வியேனே?' என்ற இரண்டு வார்த்தையை மனப்பாடம் செய்துகொண்டு போங்கள். 'எவ்வளவு ஆகும்?' என்று அர்த்தம். மீனைத் தராசில் வைக்கும்போதே கேட்க வேண்டும்.

அந்தப் பில்லில் 'கொபெர்தோ' என்று தலைக்கு 3 யூரோவும் இருந்தது. அது ஏமாற்று அல்ல. மேசை விரிப்பு, ரொட்டி இவற்றுக்காக ஆள் கணக்கில் வாங்கும் தொகை. நல்ல எளிய கடைகளில் ஒன்று, ஒன்றரை யூரோதான் இருக்கும், மெனுவிலும் போட்டிருப்பார்கள். அதற்குமேல் டிப்ஸ் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அங்கே இல்லை.

பனெல்லே சாப்பிட்டபின் அதே சந்தையில் நடந்துகொண்டிருந்தோம். ஒரு திருப்பத்தில் கறிவேப்பிலைக் கட்டும் முருங்கைக்காயும் வைத்திருந்த கடையைப் பார்த்து இருவரும் நின்றோம். அங்கே சாமான் வாங்கிக்கொண்டிருந்த ஒருவர், அறுபது வயது இருக்கும், எங்கள் பேச்சைக் கேட்டுத் திரும்பினார்.

"தம்பி, இந்தியாவில இருந்தோ வந்திருக்கிறியள்?"

யாழ்ப்பாணத்துக்காரர். பலெர்மோவில் முப்பது வருடத்துக்கு மேல் இருக்கிறாராம். போர்க்காலத்தில் இலங்கையிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் இந்த நகரத்தில் நிறைய உண்டு. நகரத்தின் காவல் தெய்வமான புனித ரொசாலியாவின் குகைக் கோயில் பெல்லெக்ரீனோ மலையில் இருக்கிறது. 1624இல் வந்த கொள்ளைநோயிலிருந்து ஊரைக் காத்தவள் என்று பலெர்மோக்காரர்கள் வணங்கும் தெய்வம். கிறிஸ்தவத் தமிழர் மட்டுமல்ல, சைவத் தமிழரும் அந்த மலைக்கு ஏறுகிறார்கள். "எங்கட அம்மன் மாதிரித்தான் தம்பி" என்றார் அவர்.

முந்தின இரவு நடந்ததை என் மனைவி அவரிடம் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார்.

"பிள்ளை, உந்தப் பெரிய தெருப் பக்கம் சாப்பிடப் போகாதேங்கோ. அது கப்பலில வாற சனத்துக்கு. ஏழு மணிக்குத் திறந்து வைச்சிருக்கிற கடைக்கும் போகாதேங்கோ. இஞ்சத்தைய சனம் எட்டரைக்குப் பிறகுதான் இராச்சாப்பாடு சாப்பிடும். மத்தியானம் ஒண்டரைக்குப் போய்ப் பாருங்கோ, எந்தக் கடையில வேலை உடுப்போட ஆக்கள் இருக்கினமோ, அதுதான் கடை."

அடுத்த ஐந்து நாளும் அவர் சொன்னபடியே செய்தோம். ஒருமுறைகூட அது பொய்க்கவில்லை. கைபேசியில் நட்சத்திரம் பார்த்துத் தேடுவதையும் நான் முழுசாக விட்டுவிடவில்லை. ஆனால் ஒன்றை மாற்றிக்கொண்டேன். இத்தாலிய மொழியில் எழுதிய கருத்துகளை மட்டும் மொழிபெயர்த்துப் படித்தேன். பயணிகள் ஐந்து நட்சத்திரம் தந்த பல கடைகளுக்கு உள்ளூர்க்காரர் ஒருவர்கூட எழுதியிருக்கவில்லை. அதுவே போதுமான தகவல்.

இந்த ஊரில் மலிவான சாப்பாடு என்பது உயர்ந்த சாப்பாட்டின் குறைந்த வடிவம் இல்லை. அதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு நாள் ஆனது. பணக்காரர் வீட்டில் வெந்ததைப் பார்த்து, கையில் இருந்ததை வைத்து ஏழை வீட்டில் அதைவிட ருசியாகச் செய்து காட்டிய ஊர் இது. 'சார்தே அ பெக்காஃபீக்கோ' என்று ஒரு பண்டம். பெக்காஃபீக்கோ என்பது அத்திப்பழம் கொத்தும் ஒரு சின்னப் பறவை. அதைப் பிரபுக்கள் சாப்பிட்டார்கள். பறவை வாங்க வழியில்லாதவர்கள் மத்தி மீனை விரித்து, ரொட்டித்தூள், உலர்திராட்சை, பைன் கொட்டை வைத்துச் சுருட்டி, வாலை மேலே தூக்கி வைத்து அந்தப் பறவை மாதிரியே அடுக்கினார்கள். பாஸ்தாவின் மேல் சீஸ் துருவிப் போட வசதியில்லாத வீட்டில் ரொட்டித்தூளை எண்ணெயில் சிவக்க வறுத்துத் தூவினார்கள். இன்று அந்த வறுத்த தூள் இல்லாமல் மத்தி மீன் பாஸ்தாவை யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இத்தனை தலைமுறையின் கவனம் எந்தச் சாப்பாட்டில் சேர்ந்திருக்கிறதோ அங்கே தேடுவதுதான் சரி. விலை தானாகவே குறைவாக இருக்கும்.

மூன்றாம் நாள் நான் சுவரொட்டி சாப்பிட்டேன்.

மண்ணீரலை எங்கள் ஊரில் சுவரொட்டி என்போம். சின்ன வயதில் சோகைக்கு நல்லது என்று ஆட்டுச் சுவரொட்டியைச் சுட்டுக் கொடுப்பார்கள். பலெர்மோவில் கன்றின் மண்ணீரலையும் நுரையீரலையும் பன்னில் வைத்துத் தருகிறார்கள். 'பானி கா மேவுசா' என்று பெயர். இந்த ஊரில் யூதர்கள் வாழ்ந்த காலத்தில் மாடு அறுக்கும் வேலை செய்தவர்களுக்குக் கூலியாகக் குடலும் ஈரலும் கிடைத்தன, அவர்கள் அதைச் சமைத்து மற்றவர்களுக்கு விற்றார்கள் என்று சொல்வார்கள். 1492இல் ஸ்பெயின் மன்னர் பிறப்பித்த ஆணையால் யூதர்கள் சிசிலியை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். பண்டம் மட்டும் நின்றுவிட்டது. 1834இல் தொடங்கிய அந்தீகா ஃபொக்காச்சேரியா சான் ஃப்ரான்செஸ்கோவில் இன்றும் அது கிடைக்கிறது. நான் சாப்பிட்டது சந்தையோரத் தள்ளுவண்டியில்.

அந்த மனிதரின் கைவேலையை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முன்னால் இருந்த அகலப் பாத்திரம் ஒரு பக்கம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. தாழ்ந்த பக்கத்தில் பன்றிக்கொழுப்பு உருகி மெதுவாகக் கொதித்தது. உயர்ந்த பக்கத்தில் முன்பே வேகவைத்து மெல்லியதாக நறுக்கிய துண்டுகள் ஈரம் காயக் காத்திருந்தன. ஆள் வந்து கேட்டதும் ஒரு கைப்பிடியைக் கொழுப்புக்குள் தள்ளுகிறார். பன்னைப் பிளந்து இடது கையில் பிடித்துக்கொள்கிறார். இரண்டு பல் உள்ள முள்கரண்டியால் துண்டுகளை அள்ளி, பன்னின் மூடியால் அழுத்திக் கொழுப்பைப் பாத்திரத்திலேயே வடியவிடுகிறார். அப்புறம் நிமிர்ந்து ஒரே கேள்வி: "ஸ்கெத்து? மரிதாத்து?"

ஸ்கெத்து என்றால் கல்யாணம் ஆகாதது. வெறும் எலுமிச்சையும் உப்பும். மரிதாத்து என்றால் கல்யாணம் ஆனது. ரிகோத்தா சீஸும் காச்சியோகவாலோ சீஸும் சேரும். நான் ஸ்கெத்து வாங்கினேன். ஈரலைவிட மிருது, லேசான இரும்பு வாசம், எலுமிச்சை அதை அப்படியே தூக்கிக்கொடுக்கிறது. 4 யூரோ. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களுக்கு இது ஆகாது. ஆட்டுக்குடல் பிரியர்களுக்கு 'ஸ்திக்யோலா' உண்டு. குடலை வெங்காயத்தாள் மேல் சுற்றிக் கரியில் சுடுவது. மாலையில் தெருமுனையில் புகை எழுந்தால் அதுதான். முகவரி தேட வேண்டாம்.

சைவக்காரர்களுக்குச் சில விஷயங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். இதை எங்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, என் மனைவி இரண்டு இடத்தில் கையில் வாங்கியதை என்னிடம் கொடுக்க வேண்டியதாயிற்று. அரஞ்சீனா என்பது சோற்றை உருட்டி உள்ளே பூரணம் வைத்துப் பொரித்த உருண்டை, ஆரஞ்சுப் பழம் அளவு. பலெர்மோவில் அது பெண்பால், 'அரஞ்சீனா'. தீவின் கிழக்கே கத்தானியாவில் ஆண்பால், 'அரஞ்சீனோ'. இதில் இரண்டு ஊருக்கும் தீராத வழக்கு. இறைச்சி வைத்தது ஒன்று, 'வெண்ணெய்' என்று பெயர் போட்டது ஒன்று. வெண்ணெய் என்றதும் சைவம் என்று நினைத்துவிடுவோம். அதற்குள் பன்றித்தொடை இறைச்சியின் சிறு துண்டுகள் இருக்கும். ஸ்ஃபின்ச்சோனே என்பது பஞ்சு மாதிரி தடித்த ரொட்டி, மேலே தக்காளியும் வெங்காயமும். பார்க்க சைவம், ஆனால் நெத்திலி கரைந்திருக்கும். கான்னோலி என்ற இனிப்பின் ஓட்டு மாவிலும், பேக்கரிப் பண்ட மாவுகளிலும் பழைய முறைப்படி பன்றிக்கொழுப்பு சேர்ப்பார்கள். 'சென்சா கார்னே', அதாவது இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் போதாது. மீனும் வேண்டாம், 'ப்ரொஷூத்தோ'வும் வேண்டாம், 'ஸ்த்ரூத்தோ'வும் வேண்டாம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். ப்ரொஷூத்தோ என்பது அந்தப் பன்றித்தொடை இறைச்சி, ஸ்த்ரூத்தோ என்பது அந்தப் பன்றிக்கொழுப்பு. கேட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை. ஒரு பேக்கரியில் அந்த அம்மா உள்ளே போய்ச் சமையல்காரரைக் கேட்டுவிட்டு வந்து பதில் சொன்னார்.

அப்படியானால் என்ன இருக்கிறது? பனெல்லே இருக்கிறது. உருளைக்கிழங்கும் புதினாவோ பார்ஸ்லியோ சேர்த்துப் பொரித்த க்ரோக்கே இருக்கிறது. கபொனாத்தா இருக்கிறது: பொரித்த கத்தரிக்காய், செலரி, ஆலிவ், தக்காளி, கேப்பர் மொட்டு எல்லாம் வினிகரும் சர்க்கரையும் சேர்ந்து ஆறவைத்தது. கத்தரிக்காய்த் தொக்கில் காரத்துக்குப் பதில் இனிப்பும் புளிப்பும் இருந்தால் எப்படியோ அப்படி. இதைச் சந்தையில் டப்பாவில் எடைபோட்டு வாங்கி, சூடான ரொட்டி ஒன்றையும் வாங்கிக்கொண்டு ஒரு பூங்கா பெஞ்சில் உட்கார்ந்தால் இரண்டு பேருக்கு 6 யூரோவில் மதியச் சாப்பாடு முடிந்தது.

காலைச் சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காபிக் கடைக்கு அங்கே 'பார்' என்று பெயர். நின்றுகொண்டே குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் வேறு விலை. பல இடங்களில் முதலில் கல்லாவில் காசு கட்டி, ரசீதைக் கொண்டுபோய் மேடையில் வைக்க வேண்டும். ஊரே நின்றுதான் குடிக்கிறது, நாங்களும் நின்றோம்.

நான்காம் நாள் மதியம், காப்போ சந்தையின் கோடியில் உள்ள கரீனி வாசலைத் தாண்டி வெளியே வந்தோம். எதிரே நீதிமன்றக் கட்டடம். எனக்கு உடனே நம்பிக்கை வந்தது. கோர்ட்டைச் சுற்றி நல்ல சாப்பாட்டுக் கடை இருக்கும் என்பது நம் ஊரிலும் அப்படித்தான். வழக்குக்கு வந்தவர், வக்கீல், குமாஸ்தா எல்லோரும் தினமும் அங்கேயே சாப்பிட்டாக வேண்டும். ருசி குறைந்தால் மறுநாளே கடை காலியாகிவிடும். பக்கத்துச் சந்துகளில் சுற்றினோம். ஒரு திராத்தோரியா, அதாவது எளிய உணவகம். பெயர்ப்பலகைகூடச் சரியாகத் தெரியவில்லை. வாசலில் யாரும் நின்று கூப்பிடவில்லை. ஒரு தாளில் அன்றைய பண்டங்களைப் பேனாவால் எழுதிக் கண்ணாடியில் ஒட்டியிருந்தார்கள். எண்ணிப் பார்த்தேன், எட்டே வரி. உள்ளே கோட்டுப் போட்டவர்கள் நாலு பேர், சுண்ணாம்புக்கறை படிந்த உடுப்போடு இரண்டு கொத்தனார்கள், தனியாகப் பத்திரிகை படித்துக்கொண்டு ஒரு முதியவர்.

மேசையில் துணி இல்லை, வெள்ளைத் தாள் விரித்திருந்தார்கள். நான் மத்தி மீன் பாஸ்தா கேட்டேன். ஏப்ரல் மாதம், மலையில் காட்டுப் பெருஞ்சீரகக் கீரை கிடைக்கும் காலம். அந்தக் கீரையை வேகவைத்த தண்ணீரிலேயே பாஸ்தாவையும் வேகவைக்கிறார்கள். அதனால் சோம்பு மணம் பாஸ்தாவின் உள்ளேயே ஏறிவிடுகிறது. மத்தி மீன் முழுசாகக் கண்ணில் படாது, கரைந்து குழம்பாகியிருக்கும். நடுநடுவே உலர்திராட்சை இனிக்கும், பைன் கொட்டை கடிபடும், குங்குமப்பூ மஞ்சள் தெரியும், மேலே அந்த வறுத்த ரொட்டித்தூள். முதல் வாய் எனக்குப் பிடிபடவில்லை. மீனில் எதற்கு இனிப்பு என்று தோன்றியது. நாலாவது வாயில் கரண்டியை வைக்க மனம் வரவில்லை. 831இல் பலெர்மோவைப் பிடித்த அரபியர் இந்தத் தீவை இருநூறு வருடத்துக்கு மேல் ஆண்டார்கள். திராட்சையும் கொட்டையும் மீனோடு சேரும் இந்தக் கைப்பக்குவம் அவர்கள் காலத்து மிச்சம் என்கிறார்கள். சாப்பிடும்போது அதை நம்புவது கஷ்டமாக இல்லை.

என் மனைவிக்குக் கத்தரிக்காயும் தக்காளியும் உப்பிட்ட ரிகோத்தாவும் சேர்ந்த நோர்மா பாஸ்தா. அது கத்தானியாவின் பண்டம், ஆனாலும் இங்கே நன்றாகவே செய்திருந்தார்கள். நடுவில் ஒரு தட்டு கபொனாத்தா, எனக்குக் கால் லிட்டர் வீட்டு ஒயின். 'வீனோ தெல்லா காசா' என்று கேட்டால் ஒரு சின்ன ஜாடியில் ஊற்றித் தருவார்கள். பாட்டில் வாங்குவதில் பாதிகூட ஆகாது.

பக்கத்து மேசை முதியவர் சாப்பிட்டு முடித்து, பத்திரிகையை மடித்துக்கொண்டு எழுந்தார். எங்கள் மேசையைக் கடக்கும்போது என் காலித் தட்டைப் பார்த்தார். ரொட்டித் துண்டால் தட்டைத் துடைப்பது போலக் கையால் செய்து காட்டினார். நான் துடைத்துச் சாப்பிட்டேன். அவர் தலையசைத்துவிட்டுப் போனார்.

கடைக்கார அம்மா பில் கொண்டுவரவில்லை. காதில் செருகியிருந்த பேனாவை எடுத்து, மேசை விரிப்புத் தாளின் ஓரத்திலேயே கணக்குப் போட்டார். ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லி எழுதினார், எங்களுக்குப் புரிய வேண்டுமென்று மெதுவாக. 8, 7, கபொனாத்தா 5, ஒயின் 3, தண்ணீர் 2, கொபெர்தோ தலைக்கு ஒன்றரை. அடியில் கோடு இழுத்து 28 என்று எழுதி வட்டம் போட்டார். காசு கட்டியதும் ரசீதை மெஷினில் அடித்துத் தனியாகத் தந்தார்.

ரசீதை நான் பையில் போட்டுக்கொண்டேன். என் மனைவி தாளின் அந்த ஓரத்தைக் கவனமாகக் கிழித்தாள். ஒரு மூலையில் தக்காளி எண்ணெய் ஊறியிருந்தது. அதை ஒரு காகிதக் கைக்குட்டையில் மடித்து, பாஸ்போர்ட் உறைக்குள் வைத்துக்கொண்டாள்.